இயற்கைப் பெருக்கம்: மலையகச் சிறுகதைகளில் வளரும் பிள்ளைகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அம்மாவுக்கு பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி, சிட்லபாக்கம் முகவரி எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அடுத்த கட்டம் ‘பிறந்த இடம்’. அங்கே நின்றதுதான். இதை எழுதும் இன்றுவரை அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் திருச்சி மாவட்டத்தில் துறையூர் பக்கம் ஒரு கிராமத்தின் பெயர் இருக்கிறது. 1974இல் அம்மாவைப் பள்ளியில் சேர்க்கும்போது, “சிலோன்னு எழுதினா பின்னாடி ஏதாவது கேப்பாங்க, அப்பா ஊரையே போட்டுடலாம்” என்று ஒரு வாத்தியார் நல்லெண்ணத்தில் எழுதியது. பரணில் தகரப் பெட்டிக்குள் இன்னொரு காகிதம் இருக்கிறது. தாத்தா குடும்பத்தோடு கப்பலேறி வந்த பாஸ்போர்ட். கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்தது. அதில் அம்மா பிறந்த இடம் பதுளை. அப்போது அம்மாவுக்கு வயது 13. இந்தியாவை ஒருநாள்கூடப் பார்த்திராத பெண்ணுக்கு இந்தியக் குடியுரிமை!

“எதைப் போடட்டும்மா?” என்று கேட்டேன்.

“உனக்கு எது சுலபமோ அதப் போடு” என்றார்.

சுலபமானதைப் போட்டிருப்பேன். ஆனால் சில மாதங்களாக ராத்திரி வேலை முடிந்தபிறகு மலையகச் சிறுகதைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த கதைகள். அவற்றைப் படித்த கையோடு ‘துறையூர்’ என்று தட்டச்சு செய்யக் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கே விளக்கிக்கொள்ளத்தான் இந்தக் குறிப்பு. அந்தக் கதைகளில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள், இடம்பெயர்வு அவர்கள் மேல் எப்படி வந்து விழுகிறது என்பதுதான் விஷயம். அதற்கு முதலில் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

1964: ஒரு கணக்கு

1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அப்போது இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு வைத்தார்கள். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று விட்டுவிட்டார்கள். 1974இல் பேசினார்கள். இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் 15 ஆண்டுகளில் முடிக்க வேண்டும் என்பது திட்டம். பின்னால் இலங்கையில் வந்த சட்டம் ஒரு விகிதமும் வைத்தது. ஏழு பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினால் இங்கே நான்கு பேருக்குக் குடியுரிமை. 5,25,000க்கும் 3,00,000க்கும் பொது வகுத்தி 75,000. வகுத்தால் 7, 4. கணக்கு சுத்தமாக வருகிறது. நாங்கள் மென்பொருளில் தரவுகளைத் தொகுதி தொகுதியாக ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இப்படித்தான் விகிதம் போட்டு வைப்போம். மனிதர்களுக்கும் போடலாம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் 5,25,000க்கும் 3,00,000க்கும் பின்னால் ஒரு சொற்றொடர் வரும்: “இயற்கைப் பெருக்கத்தோடு சேர்த்து”. அதாவது 1964க்குப் பிறகு அந்தக் குடும்பங்களில் பிறக்கப்போகும் பிள்ளைகள். அவர்களுக்குத் தனியாக எண் கிடையாது. அப்பா எந்தப் பக்கமோ பிள்ளையும் அந்தப் பக்கம்.

எங்கள் வீட்டில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அம்மா 1961இல் பிறந்தவர், அதனால் அந்த 9,75,000க்குள் வருகிறார். அவர் தம்பி, என் மாமா, பிறந்தது 1967இல். அவர்தான் இயற்கைப் பெருக்கம்.

அங்கே எப்படிப் போனார்கள்

இந்தப் பகுதி பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1820களில் தொடங்கி காப்பித் தோட்டங்களுக்காகவும், 1869க்குப் பிறகு இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்ததும் தேயிலைக்காகவும், திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்களைக் கங்காணிகள் திரட்டிக்கொண்டு போனார்கள். முதலில் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடை. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அதுதான் போட் மெயில். நம்ம தாம்பரம் வழியாகத்தான் போகும். போகிற தொழிலாளர்களைப் பிடித்துவைத்து நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. மண்டபத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

இலங்கை சுதந்திரம் அடைந்த அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தாங்கள் மட்டுமல்ல, அப்பனும் பாட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்கிற மாதிரியான விதிகள். பிறப்புப் பதிவே சரியாக இல்லாத லயத்து மக்கள் எங்கே போவார்கள்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். பதினாறு வருஷம் கழித்து அவர்களைப் பிரித்துக்கொள்ளத்தான் 1964 ஒப்பந்தம்.

ஒப்பந்தம் போட்டவர்கள் யாரும் தோட்டத்து மக்களைக் கேட்கவில்லை. பிறகு விண்ணப்பம் கேட்டபோது, இந்தியாவைவிட இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள்தான் அதிகம். அந்த விண்ணப்பத்திலும் கையெழுத்து குடும்பத் தலைவருடையது. வீட்டுப் பிள்ளைகளை யார் கேட்டார்கள்?

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் என்ன

இனி கதைகள். ஆனால் அவற்றைப் படிக்க ஒரு சொல் தெரிந்திருக்க வேண்டும். ‘பேர்’.

தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் சம்பளம். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்து வேலைக்கு அனுப்புவார்கள். சாயந்தரம் கொழுந்து எடை சரியாக இருந்தால் ‘பேர்’ விழும். குறைந்தால் ‘அரைப்பேர்’. “இன்னிக்குப் பேர் இல்ல” என்றால் சம்பளம் இல்லை. அம்மா இன்றும் வீட்டு வேலைக்கு வரும் பெண் பாதி நாளில் கிளம்பினால் “இன்னிக்கு அரைப்பேர்தான்” என்று சிரிப்பார். சின்ன வயதில் எனக்கு அது என்ன வார்த்தை என்றே புரியாது.

இப்போது ஒரு தோட்டத்துப் பிள்ளையின் வளர்ச்சியை யோசித்துப் பாருங்கள். கைக்குழந்தையாக இருக்கும்போது அம்மா அதைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவாள். பிறகு தோட்டத்துப் பள்ளிக்கூடம். பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு சரி. அப்புறம் தோட்டக் கணக்கில் பெயர் பதிவாகி, கூடை முதுகில் ஏறும். ‘பேர்’ விழ ஆரம்பிக்கும். வளர்ந்தாகிவிட்டது!

உலகம் முழுக்க ‘வளரும் பருவத்துக் கதை’ என்று ஒரு வகை உண்டு. அதில் பையனோ பெண்ணோ வீட்டை விட்டு, ஊரை விட்டு வெளியே போய், தான் யார் என்று கண்டுபிடித்துக்கொள்வார்கள். மலையகக் கதைகளில் இது நடப்பதில்லை. வெளியே போக இடம் இல்லை. வெளியே போகும் நாள் வரும்போது, அதைத் தீர்மானித்தது வேறு யாரோ.

நான்கு கதைகள்

முதலில் போக வேண்டியது புதுமைப்பித்தனிடம். 1935இல் ‘மணிக்கொடி’யில் வந்த ‘துன்பக்கேணி’. நெல்லைச் சீமை வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. ஊரில் பண்ணையார், அங்கே தோட்டத்து அதிகாரம். இரண்டுக்கும் நடுவில் அவள் சிதைவதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். என் கவனம் அவள் மகள் வெள்ளச்சி மேல். மருதிக்கு வாசவன்பட்டி என்று ஒன்று இருக்கிறது. நினைக்கவும் ஏங்கவும் அது போதும். தோட்டத்தில் வளர்ந்து நிற்கும் வெள்ளச்சிக்கு அந்த ஊர் அம்மாவின் கதை மட்டும்தான். தாயும் மகளும் ஒரே காம்பராவில் இருந்துகொண்டு வேறு வேறு ஊர்க்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு 1935லேயே ஒருவர் இதைப் பார்த்துவிட்டார்.

இரண்டாவது, என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’. 1960களின் தொடக்கத்தில் வந்த கதை. மலையகச் சிறுகதைக்கு ஒரு திருப்புமுனை என்று சொல்வார்கள். ஓர் இளம்பெண் வழக்கத்தைவிட மிக அதிகமாகக் கொழுந்து பறித்துவிடுகிறாள். இவ்வளவு எடையை இவளால் பறித்திருக்க முடியாது, யாரோ உதவியிருக்கிறார்கள் என்று சந்தேகம் வருகிறது. எல்லோர் முன்னிலையிலும் அவள் தன் கையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கதையில் கப்பல் இல்லை, குடியுரிமை இல்லை, ஒப்பந்தம் இல்லை. ஆனால் தன் உழைப்பு தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டிய நிலையில் ஒரு பெண் நிற்கிறாள். தான் பிறந்த இடம் தன்னுடையதுதான் என்று ஒரு ஜனமே நிரூபிக்க வேண்டியிருந்த காலத்தில் இந்தக் கதை எழுதப்பட்டது.

மூன்றாவது, தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’. ஒரு லயம், அதில் ஒரே ஒரு காம்பரா, அதற்குள் வயதுக்கு வந்த மகளோடு மொத்தக் குடும்பமும் படுத்துறங்க வேண்டும். இருட்டில் நேர்ந்துவிடும் ஒரு தவறும் அதன் அவமானமும்தான் கதை. படித்துவிட்டு ஒருநாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பிள்ளை வளர்வது ஒரு வீட்டுக்குச் சந்தோஷம் என்றுதான் நாம் நினைக்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அது ஒரு பயம். பிள்ளை வளர வளர அறை சுருங்குகிறது. இன்னொரு காம்பரா இருந்தால் அந்தக் கதையே இல்லை.

ஜோசப் ஐயாவின் வாழ்க்கையிலும் நம் விஷயம் இருக்கிறது. 1934இல் பதுளை மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். சிறுவனாகக் கும்பகோணத்துக்கு வந்து சில வருஷம் படித்துவிட்டு மறுபடியும் மலைக்கே போனவர். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்ததால் அந்தத் தோட்டத்தின் பெயரே அவர் பெயரானது. தன் பெயருக்கு முன்னால் எந்த ஊரைப் போட்டுக்கொள்வது என்று அவர் தானே முடிவு செய்தார். 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்றார். 2022இல் காலமானார்.

நான்காவது, மலையகத்துக்கு வெளியிலிருந்து ஒரு புத்தகம். அ. முத்துலிங்கம் யாழ்ப்பாணம் கொக்குவில்காரர். அவருடைய முதல் தொகுப்பு ‘அக்கா’ வந்தது 1964இல், ஒப்பந்தம் போட்ட அதே ஆண்டு. தலைப்புக் கதையே ஒரு சிறுவனின் கண்ணால் அக்காவைப் பார்ப்பது. அந்தப் பையனுக்கு வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது. அக்காவைக் கவனித்துக்கொண்டு சும்மா இருக்க நேரம் இருக்கிறது. இதை ஒப்பிட்டுத்தான் மலையகத்துப் பிள்ளைக்கு என்ன கிடைக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. வேடிக்கை பார்க்கும் வயது அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பிளாட்பாரத்தில் நின்றவர்கள்

கதைகளை வரிசையாகப் படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. நான் படித்த மலையகக் கதைகளில் பெரும்பகுதி இலங்கையிலேயே இருந்துவிட்டவர்கள் எழுதியவை. ராமையா அங்கேதான் இருந்தார், ஜோசப்பும் அங்கேதான். 1960களில் ‘வீரகேசரி’யும் மலையக எழுத்தாளர் மன்றமும் சேர்ந்து தோட்டத்து மக்களுக்காகச் சிறுகதைப் போட்டிகள் நடத்தின. அதில் பரிசு பெற்ற கதைகள் ‘கதைக் கனிகள்’ என்று 1971இல் தொகுப்பாக வந்தன. அங்கே இருந்தவர்களுக்குப் பத்திரிகை இருந்தது, மன்றம் இருந்தது, போட்டி இருந்தது.

கப்பலேறி வந்தவர்களுக்கு இங்கே என்ன இருந்தது? ஏறத்தாழ 4.6 லட்சம் பேர் வந்தார்கள். அதில் லட்சத்துக்கும் மேல் அந்த ‘இயற்கைப் பெருக்கம்’. அரசாங்கம் அவர்களுக்கு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அங்கே ‘இந்தியத் தமிழர்’, ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’. இங்கே இறங்கியதும் ‘சிலோன்காரங்க’. கடலின் இரண்டு கரையிலும் எதிர்க்கரையின் பெயரைச் சொல்லித்தான் அவர்களைக் கூப்பிட்டார்கள்.

நீலகிரியில் அவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அதுதான் இன்றைய டான்டீ. சிலருக்கு நூற்பாலைகளில் வேலை. பெரும்பாலானவர்களுக்கு ‘வியாபாரக் கடன்’. தலைமுறையாகக் கொழுந்து பறித்ததைத் தவிர வேறு தெரியாதவர்களுக்கு வியாபாரம்! எங்கள் தாத்தா துறையூர் பக்கம் ஒரு பெட்டிக்கடை வைத்தார். எட்டு மாதத்தில் மூடினார். கடன் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாராம். பிறகு குடும்பம் கூடலூர் ஏறியது, மறுபடியும் தேயிலைக்கே. அம்மா கல்யாணமாகி குரோம்பேட்டைக்கு வந்தார். அப்பா நாகல்கேணியில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்.

சென்னையில் பல இடங்களில் ‘ரெப்கோ வங்கி’ என்று பலகை பார்த்திருப்பீர்கள். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோருக்காக 1969இல் தொடங்கிய கூட்டுறவு வங்கி அது. அந்தப் பெயரின் முதல் எழுத்துகளுக்குள்ளேயே ‘திரும்பியோர்’ இருக்கிறார்கள். நானே பல வருஷம் அதன் முன்னால் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன், தெரியாமல்.

பிற்காலத்தில் போரினால் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போன ஈழத்தமிழர்களின் நிலைமை கொஞ்சம் வேறு. போனவர்களே எழுதினார்கள். முத்துலிங்கம் ஆப்பிரிக்கா, பாகிஸ்தான் என்று சுற்றிக் கனடாவில் இருந்து எழுதினார். முதல் தொகுப்புக்கும் அடுத்த தொகுப்பான ‘திகட சக்கர’த்துக்கும் நடுவில் முப்பது வருஷ இடைவெளி. அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி பிரான்ஸில் இருந்து எழுதுகிறார். அவர் நடித்த ‘தீபன்’ படம் 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. அதில் செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத மூன்று பேர் ஒரு குடும்பமாகப் பயணம் செய்வார்கள். அதில் ஒன்று ஒன்பது வயதுப் பெண் குழந்தை. பாஸ்போர்ட்டில் ஒரு குழந்தை இருக்கிறது, அதற்கு ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியை அன்றைக்குத்தான் மறுபடி திறந்தேன்.

அப்படியானால் ‘திரும்பிய’ பிள்ளைகளின் கதை பெரும்பாலும் யாரிடம் இருக்கிறது? ஹட்டனிலும் பதுளையிலும் ரயில் பிளாட்பாரத்தில் நின்று வழியனுப்பியவர்களிடம். கூடப் படித்தவன் ரயிலேறிப் போகிறான், இவன் நிற்கிறான். ரயில் திரும்பியதும் அவனுக்கு என்ன ஆயிற்று என்று இவனுக்குத் தெரியாது. போன பிள்ளை இங்கே வந்து கொழுந்து பறித்தது, நூற்பாலைக்குப் போனது, பேனாவை எடுக்க நேரம் இல்லை. மீதிக் கதை எங்கள் அம்மா மாதிரி ஆட்களின் வாயில்தான் இருக்கிறது, அதுவும் கேட்டால்தான் வரும்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டியது

கேட்டேன். நேராகக் கேட்டால் வராது என்று தெரியும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ‘ஒரு கூடைக் கொழுந்’தை வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் கணினித் திரையில் கண் வலிக்கும் என்பார்.

கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். எடை போடும் இடம் வந்ததும் கை நின்றது. “ஈரக் கொழுந்துன்னு சொல்லி ராத்தல் கழிப்பாங்க. எங்க அம்மாவுக்குத் தெனமும் கழிச்சாங்க. மழை பெஞ்சா ஈரமாத்தானடா இருக்கும்?” என்றார்.

இருபது வருஷமாக நான் கேட்டும் சொல்லாதவர், அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைக்காம்பராவில் தம்பியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனது, பீலிக்கரையில் தண்ணீருக்குச் சண்டை போட்டது. 1974இல் தோட்டமெல்லாம் பஞ்சம். மரவள்ளிக் கிழங்கும் கீரையும்தான் சாப்பாடு. அந்த வருஷம்தான் தாத்தா “போயிடலாம்” என்று முடிவெடுத்தார். முன்னமே கொடுத்திருந்த விண்ணப்பம் பலித்து நாள் வந்தது. “எங்கள யாரும் கேக்கல. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தா, அம்மா பானையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துக்கிட்டிருக்காங்க. அப்பத்தான் தெரியும்.”

பதுளையில் ஏறிய ரயிலைப் பற்றிச் சொன்னார். “அழுகைக் கோச்சி” என்றார். ஏறுகிறவர்களும் அழுவார்கள், நிற்கிறவர்களும் அழுவார்கள் என்பதால் அந்தப் பெயர். “எனக்கு அழுகை வரல. புதுச் சட்டை போட்டிருந்தேன். எங்கூட்டாளி ஒருத்தி கோச்சி பின்னாடியே ஓடி வந்தா. அவ பேரு இப்ப மறந்துபோச்சு.” கொஞ்ச நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்படிறா மறக்கும்?”

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு இராமானுஜம் கப்பல். தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் போய்விட்டதால் அப்போது கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வரும். அங்கிருந்து மண்டபம் முகாம். நான் அந்த ‘இயற்கைப் பெருக்கம்’ விஷயத்தை விளக்கினேன். ஒப்பந்தத்தில் மாமாவுக்கு அதுதான் பேர் என்றேன். அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

“பெருக்கமா? அவன் கப்பல் பூரா வாந்தி எடுத்துக்கிட்டே வந்தான். ஏழு வயசுப் பையன், இடுப்புலயே வச்சிருந்தேன். என் புதுச் சட்டையெல்லாம் நாசம். இதெல்லாம் அந்த ஒப்பந்தத்துல எழுதலியா?”

எழுதவில்லை அம்மா. ஒப்பந்தத்தில் பிள்ளைக்குப் பெயர் கிடையாது, பெருக்கம் என்றுதான் வரும். தோட்டத்துக் கணக்கில் பேர் உண்டு, ஆனால் அது ஒருநாள் கூலி. மருதி மகள் வெள்ளச்சி என்று ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கதைதான். நான் இந்தக் கதைகளைத் தேடிப் படிப்பதற்குக் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மண்டபம்

2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்தபோது தாம்பரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கே ஒரு ரயில் விட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் கால் மணி நேரம். அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். கோயிலுக்கு என்று சொல்லித்தான். மாலையில் ஏறினால் விடியலில் ராமேஸ்வரம். போகும்போது இருட்டு, அம்மாவும் தூக்கம்.

திரும்பும்போது சாயங்கால வெளிச்சம். ரயில் மெதுவாகப் பாலத்தில் ஊர்ந்தது. பக்கத்தில் 1914இன் பழைய பாலம். அம்மா ஜன்னலோரம். “இதுலதான் வந்தோம்” என்று பழைய பாலத்தைக் காட்டினார். அவ்வளவுதான். மண்டபம் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது மட்டும் எழுந்து கதவுவரை போனார். இறங்கவில்லை.

அந்த மண்டபம் முகாமை யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைக்குப் போகிறவர்களை அங்கே நிறுத்திப் பரிசோதித்தார்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களை அங்கேதான் தங்கவைத்து ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார்கள். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த அகதிகளும் அதே இடத்துக்குத்தான் வந்தார்கள். நூறு வருஷத்தில் மூன்று விதமான பயணம், ஒரே முகாம். எங்கள் தாத்தாவின் அப்பா அந்த வழியாகப் போயிருக்கலாம். தாத்தா அந்த வழியாக நிச்சயமாக வந்தார்.

வண்டி கிளம்பியதும் அம்மா வந்து உட்கார்ந்து, “திரும்பினவங்க, திரும்பினவங்கன்னு ரேஷன் கடையில கூப்பிடுவாங்க. திரும்பணும்னா முன்னாடி ஒருவாட்டி இங்கேருந்து போயிருக்கணும்ல? நான் எப்படா போனேன்?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. பையிலிருந்த இட்லியைப் பிரித்தோம்.

கட்டம்

இந்தக் கதைகளைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் ஈழத்து, மலையகப் புத்தகங்களும் பழைய இதழ்களும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2005 முதல் தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஸ்கேன் செய்து ஏற்றியவை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ராமையாவில் தொடங்கி, ஜோசப்புக்கு வந்து, கடைசியாகத் ‘துன்பக்கேணி’யைப் படியுங்கள் என்பேன். கால வரிசையில் படித்தால் புதுமைப்பித்தனின் வேகத்தில் மற்றவர்கள் மெதுவாகத் தெரிவார்கள். உண்மையில் அவர்கள் மெதுவானவர்கள் இல்லை. லயத்துக்குள்ளேயே இருந்து எழுதியவர்கள், அங்கே எல்லாம் பக்கத்தில் இருக்கும், சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து வீட்டில் ‘சிலோன்லேருந்து வந்தவங்க’ யாராவது இருந்தால், அவர்களுக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்பதைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

பாஸ்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். எதற்கு எடுக்கிறேன் என்றால், அம்மாவை ஒருமுறை பதுளைக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ஆசை. அவருக்கு ஆசையா என்று இதுவரை நான் கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைத்தது. 1974இல் தாத்தா செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருக்கிறேன். விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு ஆளைக் கூப்பிடுவது.

நேற்று ராத்திரி கேட்டேன். “பதுளைக்குப் போகலாமா?”

“அங்க யாரு இருக்கா?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பாஸ்போர்ட் எடு. போறதா வேணாமான்னு நான் அப்புறம் சொல்றேன்” என்றார்.

“சரி. பிறந்த எடம் என்ன போடறது?”

“பதுளைன்னே போடு.”

“சர்டிபிகேட்ல வேற ஊர் இருக்கே, கேப்பாங்களே?”

“கேட்டா நான் வந்து சொல்றேன். எனக்குத்தான தெரியும்.”

நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டும், தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டை நகல் எடுக்க வேண்டும். வருகிற சனிக்கிழமை மறுபடி உட்காரப்போகிறேன், இந்த முறை அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.